நோர்வே கரையோரக் கப்பல்: எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை போய்த் திரும்பும் கரையோரக் கப்பலில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு பெப்ரவரியில் தனியாக, ஒரு ஜூனில் அப்பா அம்மாவோடு, பிறகு ஒரு செப்டெம்பரில் நண்பர்களோடு. போய் வந்த நாளிலிருந்து சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லாரும் தொலைபேசியில் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது சொகுசுக் கப்பலா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும். இது தபாலும் சரக்கும் ஊர்ச்சனமும் ஏற்றிப் போகும் வழக்கமான கரையோரச் சேவை. 1893 ஜூலை 2ஆம் திகதி ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்கு எடுத்துப் போனதில் தொடங்கியது. அதற்கு முன்பு அந்த இரண்டு ஊர்களுக்கிடையில் ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் 3 கிழமை, குளிர்காலத்தில் 5 மாதம் வரை எடுத்ததாம். இந்தச் சேவையின் 'ஹுர்டிக்ருட்டன்' என்ற பெயருக்கே 'விரைவு வழி' என்றுதான் பொருள். 2021இலிருந்து ஹவிலா என்ற இன்னொரு நிறுவனமும் அதே வழியில் நான்கு கப்பல்கள் ஓட்டுகிறது, இரண்டும் ஒரே கால அட்டவணையில் மாறி மாறிப் போகும்.

போய்த் திரும்ப 12 நாள், 34 துறைமுகம். சூதாட்ட அறை, ஆட்டம் பாட்டு மேடை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதிரை, வெளியே மலை, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

34 துறைமுகத்திலும் இறங்கலாமா?

கதவு திறக்கும், ஆனால் பல இடங்களில் கப்பல் கால் மணி நேரமோ அரை மணி நேரமோதான் நிற்கும், சரக்கை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடும். நடுச்சாமத்தில் வரும் துறைமுகங்களும் நிறைய. வடிவாக நடந்து பார்க்க நேரம் கிடைப்பது ஓலசுண்ட், ட்ரொண்ட்ஹைம், பூடோ, ட்ரொம்சோ, ஹொன்னிங்ஸ்வோக், கிர்க்கெனெஸ் போன்ற சில ஊர்களில்தான். அங்கேயும் கிட்டத்தட்ட இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஹம்மர்ஃபெஸ்ட், ஸ்டொக்மார்க்னெஸ், ஸ்வோல்வார் நல்ல நேரத்தில் வரும்.

புறப்படும் நேரம் இறங்கும் வாசலில் எழுதிப் போட்டிருக்கும், அதைக் கமராவில் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. ஒரு தம்பதி கரையில் கைகாட்டிக்கொண்டு நிற்க, கப்பல் விலகிப் போனதை நான் மேல்தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த துறைமுகத்துக்கு வாடகை வண்டி பிடித்து வந்துதான் ஏறினார்கள்.

கப்பல்காரர் நடத்தும் கரைச்சுற்றுலா எடுக்க வேண்டுமா? நாமாகவே போனால் என்ன?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானே இரண்டு விதமாகவும் செய்து பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சுற்றுலாக்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு வகையில், இறங்கிய துறைமுகத்துக்கே திரும்பி வருவீர்கள். மற்ற வகையில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, பஸ்ஸிலோ படகிலோ நிலத்தின் வழியாகப் போய், அடுத்ததிலோ அதற்கடுத்ததிலோ அதே கப்பலைப் பிடிப்பீர்கள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வேன், ஏனென்றால் அதை நீங்களாகச் செய்ய முயன்றால் கப்பலைத் தவறவிடும் பயத்திலேயே பொழுது போய்விடும், அதோடு அந்த நேரத்துக்குப் பொருந்துகிற ஊர் பஸ்ஸும் இருக்காது. கிறிஸ்டியான்சுண்டில் இறங்கி அட்லாண்டிக் சாலை வழியாக மொல்டேக்கு வருவது, ஸ்டாம்சுண்டில் இறங்கி வைக்கிங் தலைவனின் 83 மீட்டர் நீள வீட்டைப் பார்த்துவிட்டு ஸ்வோல்வாரில் ஏறுவது, ஹார்ஸ்டாட்டிலிருந்து சோர்ட்லாண்ட் போவது எல்லாம் இந்த வகை. கடைசியாகச் சொன்னதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நீங்கள் வந்த பஸ் சோர்ட்லாண்ட் பாலத்தின் மேலே வரும் நேரத்தில் உங்கள் கப்பல் கீழே போகும், மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் கையசைத்துக்கொள்வார்கள், கப்பல் ஊதும். அம்மா கீழே, நானும் அப்பாவும் மேலே. அம்மா தன் சிவப்புச் சால்வையை எடுத்து வீசியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ் சுற்றுலாக்களை விட்டுவிடுங்கள். ஓலசுண்டில் நடந்தே போகலாம். 1904 ஜனவரியில் ஊர் முழுக்க எரிந்து போய், பிறகு சில ஆண்டுகளிலேயே ஒரே பாணியில், கோபுரமும் பூவேலையுமாக, மீண்டும் கட்டப்பட்ட ஊர் அது. ஆக்ஸ்லா குன்றுக்கு 418 படி, மூச்சு வாங்கும், ஆனால் மேலே நின்றால் தீவுத் தீவாக ஊர் தெரியும். ட்ரொண்ட்ஹைமில் நிதாரோஸ் தேவாலயத்துக்குத் துறைமுகத்திலிருந்து நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். வழிகாட்டி தேவையில்லை.

அப்படியென்றால் மொத்தம் எத்தனை எடுப்பது?

12 நாளுக்கு மூன்று, மிஞ்சினால் நாலு. முதல் பயணத்தில் நான் ஏழு எடுத்தேன். கப்பல் போகும் வழியில் மேல்தளத்தில் நின்று பார்த்திருக்க வேண்டிய இடங்களையெல்லாம் பஸ் இருக்கையில் தூங்கித் தவறவிட்டேன். இந்தப் பயணத்தின் பெரிய காட்சிகளில் பல கப்பலிலிருந்தே தெரிபவை, அவற்றுக்குத் தனியாகக் காசில்லை: பூடோவிலிருந்து வெஸ்ட்ஃபியோர்டைக் கடக்கும்போது முன்னால் சுவர் மாதிரி எழும் லொஃபோட்டன் தீவுக்கூட்டத்தின் மலைகள், சாண்ட்நெஸ்ஷூன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் ஏழு சகோதரிகள் என்ற சிகரங்கள், ஷொல்லெஃபியோர்ட் வாசலில் கோவில் போல எழுந்து நிற்கும் பின்ஷிர்க்கா பாறை.

ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு கடின அளவு போட்டிருப்பார்கள், அதை நம்பலாம். நாய்வண்டி, பனி வண்டி மாதிரி ஆள் எண்ணிக்கை குறைவானவை சீக்கிரம் நிரம்பிவிடும், அவற்றை வீட்டிலிருந்தே பதிவு செய்யுங்கள். மற்றவற்றைக் கப்பலில் ஏறி வானிலை பார்த்துத் தீர்மானித்தாலும் இடம் கிடைக்க வாய்ப்புண்டு.

எந்த மாதம் போவது?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை, அப்போது வடமுனையில் (துருவம் இல்லை, நோர்வேயின் வடகோடியிலுள்ள 'நோர்த் கேப்' பாறை) சூரியன் மறையவே மறையாது. துருவ ஒளி வேண்டுமென்றால் செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்தவர் அதையே கேட்கிறார். ஒளி கோடையிலும் இருக்கும், வானம் இருட்டாததால் கண்ணுக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ட்ரொம்சோவில் சூரியன் எழாது. ஆனால் அது கும்மிருட்டு இல்லை. மத்தியானத்தில் சில மணி நேரம் பனியும் கடலும் வானமும் ஒரே நீலமாக மாறும். எனக்கு மிகப் பிடித்தது பெப்ரவரி கடைசி. வெளிச்சம் திரும்பி வந்திருக்கும், பனி இருக்கும், இரவு இருட்டாகவும் இருக்கும், லொஃபோட்டனில் 'ஸ்க்ரை' என்ற பெரிய கொட் மீன் பருவமும் உச்சத்தில் இருக்கும்.

கெய்ராங்கர் பியோர்டுக்கு (பியோர்ட் என்றால் மலைகளுக்கிடையில் கடல் உள்ளே புகுந்த நீண்ட குடா) கப்பல் எப்போதும் போகுமா?

இல்லை, இதில் பலர் ஏமாறுகிறார்கள். பொதுவாகக் கோடை மாதங்களில் மட்டும்தான், அதுவும் வடக்கு நோக்கிப் போகும்போது. இலையுதிர் காலத்தில் அதற்குப் பதிலாக யொருண்ட் பியோர்டுக்குப் போகும் வழக்கம் உண்டு, குளிர்காலத்தில் இரண்டும் இல்லை. பதிவு செய்யும்போது உங்கள் திகதிக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கெய்ராங்கர் 15 கிலோமீட்டர் நீளம், 2005இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஏழு சகோதரிகள் அருவியை முழுதாகப் பார்க்க ஜூன் நல்லது. அப்போது மேலே பனி உருகி ஏழு தாரையும் விழும், ஆகஸ்டில் போனால் மூன்றோ நாலோதான் எண்ண முடியலாம். (மேலே சொன்ன ஏழு சகோதரிகள் மலை வேறு, இந்த அருவி வேறு.) அங்கே இறங்கும் சுற்றுலாவில் பஸ் கழுகுச் சாலையின் 11 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பிறகு கப்பலைத் தேடி வரும். அப்பா வளைவுக்கு வளைவு ஓட்டுநரைப் பாராட்டிக்கொண்டே வந்தார்.

யொருண்ட் பியோர்ட் கிடைத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். கூட்டமே இல்லாத இடம் அது. செப்டெம்பரில் போனபோது தண்ணீர் அசையவில்லை, மலை தலைகீழாக அப்படியே கிடந்தது.

லொஃபோட்டனில் எதைப் பார்ப்பது?

கடற்கழுகு பார்க்கும் படகுச் சுற்றுலா. விரித்த இறக்கை இரண்டரை மீட்டர் அளவுக்கு வரும் பறவை, படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் பாய்ந்து மீனை எடுத்துப் போகும். இதோடு சேர்த்து ட்ரோல் பியோர்டையும் சிறு படகில் காட்டுவார்கள். அந்தப் பியோர்ட் 2 கிலோமீட்டர் நீளம்தான், வாசல் 100 மீட்டர் அகலம். பெரிய கப்பலும் வானிலையும் பனிச்சரிவு அபாயமும் பார்த்து உள்ளே போவதுண்டு. போய் அதே இடத்தில் சுற்றித் திரும்பும்போது பாறை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலிருக்கும். உள்ளே போகாத நாட்களில் வாசலில் நின்றுவிட்டுப் போகும். அது கப்பல் தலைவரின் முடிவு, கோபப்பட்டுப் பயனில்லை.

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை போனால் மீனைத் தலை வெட்டி, சோடி சோடியாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் தொங்கவிட்டிருப்பார்கள். உப்பே போடாமல் காற்றும் குளிருமே காய வைக்கும் கருவாடு. வாசத்தை எங்களுக்குப் புதிதாக யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வடமுனை போவது அவசியமா? வெறும் பாறை என்று சிலர் சொல்கிறார்களே?

ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து 34 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம் அளவு. 71 பாகை 10 கலை வட அகலாங்கில், கடலிலிருந்து 307 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் 1978இல் வைத்த இரும்பு உலக உருண்டை. உண்மையில் பக்கத்திலுள்ள க்னிவ்ஷெல்லொடன் என்ற தாழ்ந்த முனை இதைவிட இன்னும் வடக்கே நீண்டிருக்கிறது. ஆனால் அங்கே போக நடைவழிதான்.

ஒருவருக்கு ஆயிரம் குரோனருக்கு மேல் ஆகும் சுற்றுலா இது. நான் மூன்று முறையும் போனேன், மூன்று முறையும் வேறு வேறு இடமாக இருந்தது. ஜூனில் வழி முழுக்கக் கலைமான்கள் மேய்ந்தன, சாமி என்ற வடநாட்டுப் பழங்குடி மக்கள் அவற்றைக் கோடைக்கு இந்தத் தீவுக்குக் கொண்டுவருகிறார்கள். செப்டெம்பரில் மூடுபனி, உருண்டையே தெரியவில்லை. பெப்ரவரியில் கடைசிப் பகுதிச் சாலை மூடியிருக்கும். பனி அகற்றும் வண்டி முன்னால் போக, பஸ்கள் அதன் பின்னால் வரிசையாகப் போகும். அன்று விளிம்பில் நான் நின்றது ஐந்து நிமிடம்தான், காற்று என்னைத் தள்ளியது, எதிரே ஸ்வால்பார்ட் தீவுகளைத் தவிர, துருவம் வரை நிலமில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக மறுபடியும் காசு கொடுப்பேன்.

வடமுனை வேண்டாம் என்பவர்களுக்கு வசந்தத்திலும் கோடையிலும் கெஸ்வார் பக்கத் தீவுகளுக்குப் பறவை பார்க்கும் படகு இருக்கிறது. பஃபின் பறவையைப் பார்க்க ஆசையென்றால் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு முன்பே போய்விடுங்கள், பிறகு அவை கடலுக்குப் போய்விடும்.

இன்னொன்று. ஹொன்னிங்ஸ்வோக்கில் கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரி, புதிதாக இருக்கிறதே என்று யோசிப்பீர்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை இந்த வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்துவிட்டுப் போனது. அந்த ஊரில் மிஞ்சியது ஒரு தேவாலயம் மட்டும். துறைமுகத்திலிருந்தே தெரியும் வெள்ளைத் தேவாலயம். திரும்பி வந்த சனம் வீடு கட்டும் வரை அதற்குள்தான் தங்கியது. சுற்றுலா எதுவும் எடுக்காவிட்டாலும் அதை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ட்ரொம்சோவில் நாலு மணி நேரம் இருந்தால்?

வெளிச்சமும் தெளிந்த வானமும் இருந்தால் கம்பிவட வண்டியில் 421 மீட்டர் மேலே போய் ஊரைப் பாருங்கள், இதை நீங்களாகவே செய்யலாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர் பஸ் போகும். கால் பலமுள்ளவர்கள் அதே மலைக்கு ஷெர்பா படிகளில் ஏறலாம். நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கல் அடுக்கிக் கட்டிய 1,200க்கும் மேற்பட்ட படிகள், பனிக்காலத்தில் ஏறாதீர்கள். போகும் வழியில் 1965இல் கட்டிய ஆர்க்டிக் தேவாலயம்.

நாய்வண்டிச் சுற்றுலா எடுப்பவர்களுக்கு ஊர் பார்க்க நேரம் மிஞ்சாது. ஆனால் குளிர்காலத்தில் எது என்று கேட்டால் நாய்தான். நூற்றுக்கணக்கான நாய்கள் ஒன்றாகக் குரைத்து ஊளையிட்டுக்கொண்டு நிற்கும், கட்டவிழ்த்த அந்தக் கணத்தில் எல்லாம் வாயை மூடிக்கொண்டு ஓடத் தொடங்கும். அதன்பிறகு பனியில் வண்டி வழுக்கும் சத்தம் மட்டும்தான்.

கிர்க்கெனெஸ் வரை போய் என்ன செய்வது?

கப்பல் திரும்பும் ஊர் அது, இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள், வரைபடத்தில் பாருங்கள். குளிர்காலத்தில் பனி ஹோட்டல், நாய்வண்டி. எல்லாக் காலத்திலும் ராஜ நண்டு. இந்த நண்டு இந்தக் கடலுக்குச் சொந்தமில்லை, 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விட்டது பெருகிப் பரவியது. படகில் போய், கூட்டைத் தூக்கி, அங்கேயே அவித்துத் தருவார்கள். கால் ஒன்று என் முழங்கையைவிட நீளம். எங்கள் வீட்டு நண்டுக் குழம்புக்கு முன்னால் நிற்காது என்று அம்மா சொன்னாலும் மூன்று கால் சாப்பிட்டார்.

ரஷ்ய எல்லைப் பக்கம் கூட்டிப்போகும் சுற்றுலாவும் உண்டு. அங்கே வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டுவதும் எதையாவது எறிவதும் குற்றம், விளையாட்டில்லை.

துருவ ஒளி கட்டாயம் தெரியுமா?

யாரும் கட்டாயம் என்று சொல்ல முடியாது, முகில் இருந்தால் ஒன்றும் தெரியாது. பருவத்தில் முழுப் பயணமும் போய் ஒருமுறையும் தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று வாக்குறுதி தருகிறார்கள், அதன் நிபந்தனைகளை முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள். பூடோவைத் தாண்டியதிலிருந்து திரும்பவும் பூடோ வரும் வரை பல இரவுகள் துருவ ஒளி அதிகம் தோன்றும் வளையத்துக்குக் கீழேதான் கப்பல் போகிறது, அதனால் தரையில் ஒரே ஊரில் காத்திருப்பதைவிட வாய்ப்பு நல்லது.

அறையில் ஒலிபெருக்கி இருக்கும், ஒளி தெரிந்தால் அறிவிப்பார்கள். அதை நிறுத்தி வைக்காதீர்கள். உடுப்பைக் கதவுப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் படுங்கள், சில நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் சாம்பல் நிற மேகம் போலத்தான் கண்ணுக்குத் தெரியும், பிறகு பச்சை ஏறும், பலமாக இருந்தால் கீழ் ஓரம் ஊதாவாகி ஆடும். கப்பலின் விளக்கில்லாத பக்கம் போய் நில்லுங்கள், ஃபிளாஷைக் கட்டாயம் அணையுங்கள், பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் படமும் கெட்டுவிடும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், மாற்று ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள்.

என்ன உடுப்பு கொண்டுபோவது?

வெப்ப நீரோட்டம் காரணமாக இந்தக் கரை அதன் அகலாங்குக்குச் சூடானது, துறைமுகங்கள் உறைவதில்லை. குளிர்காலத்திலும் கடலோரம் பெரும்பாலும் பூச்சியத்துக்கும் மைனஸ் 10க்கும் இடையில்தான் இருக்கும், கிர்க்கெனெஸ் பக்கம் இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் மேல்தளக் காற்று வேறு கதை. உடம்போடு ஒட்டி கம்பளி, அதற்குமேல் இன்னொரு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது.

சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள் பட்டியைக் கட்டாயம் வாங்குங்கள். நோர்வேயில் 'ப்ரொடர்' என்பார்கள், விலை அதிகமில்லை. பெப்ரவரிப் பயணத்தில் ஒரு துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கிய பத்தாவது அடியில், மெல்லிய மழைநீர் படிந்த பனிக்கட்டியில் என் முன்னால் போன அம்மையார் ஒருவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருடைய பயணம் அங்கேயே முடிந்தது. கொட்டும் பனியைவிட மழை பெய்து உறைந்த தரைதான் ஆபத்து.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. உண்மையில் பெற்றோருக்கு இதைவிட நல்ல பயணம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், மின்தூக்கி இருக்கிறது, இருந்த இடத்திலிருந்தே நாடு கடந்து போகிறது. அவர்களுக்குப் பஸ் சுற்றுலாக்களை எடுங்கள், வேகப் படகில் போவதைத் தவிருங்கள், அலையில் படகு துள்ளும்போது முதுகைத் தாக்கும். டொர்க்ஹாட்டன் என்ற, நடுவில் 160 மீட்டர் நீளத்துக்கு ஓட்டை விழுந்த மலைக்கு நடக்கும் சுற்றுலா ஒன்று புரொன்னோய்சுண்டில் இருக்கிறது. பாதை கல்லும் ஏற்றமும், முழங்கால் வலி உள்ளவர்கள் கப்பலிலேயே இருப்பது நல்லது. அவர்களுக்கு ஸ்டொக்மார்க்னெஸில் கரைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடத்துக்குள் நிற்கும் 1956ஆம் ஆண்டுப் பழைய 'பின்மார்க்கன்' கப்பலைக் காட்டுங்கள்.

கடல் ஆட்டம் எப்படி?

பெரும்பாலும் தீவுகளுக்கு உள்பக்கமாகப் போவதால் குளம் மாதிரி. வெளிக்கடல் வருவது சில இடங்களில்தான்: ஸ்டாட் முனை, ஹூஸ்டாட்விக்கா, ஃபொல்டா, வெஸ்ட்ஃபியோர்ட், வடமுனைக்குக் கிழக்கே பாரண்ட்ஸ் கடல். அந்த நேரங்களைக் கால அட்டவணையில் பார்த்து மாத்திரையை முன்கூட்டியே போடுங்கள், தலை சுற்றத் தொடங்கியபின் போட்டால் வேலை செய்யாது. அறை எடுக்கும்போது கீழ்த்தளம், நடுப்பகுதி.

சாப்பாடு? மரக்கறி கிடைக்குமா?

கிடைக்கும், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் நோர்வேக்குள் கொண்டுவரக் கூடாது, அதில் நெய்யும் அடங்கும். ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும்போது விரும்புபவர்களின் முதுகில் ஒரு கரண்டி ஐஸ் ஊற்றுவார்கள், திரும்பும்போது ஒரு கரண்டி மீன் எண்ணெய் தருவார்கள். சின்ன வயதில் குடித்த அதே எண்ணெய்தான்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் விசா போதும். நோர்வேயோடு சேர்த்து ஸ்வால்பார்டுக்கும் போக நினைத்தால் மட்டும் இரண்டு முறை நுழையும் விசா எடுங்கள், அந்தத் தீவுகள் ஷெங்கனுக்கு வெளியே.

வழியில் தமிழர்களைப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் ஈழத்திலிருந்து வந்த நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை செய்தார்கள். சூரியன் எழாத மாதங்களில், கையுறைக்குள் விரல் விறைக்க, மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கினார்கள். பிறகு பலர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தெற்கே ஒஸ்லோ, பேர்கன் பக்கம் வந்துவிட்டார்கள். அப்பாவின் பழைய நண்பர் ஒருவரும் அப்படி வந்தவர்தான். கப்பல் பின்மார்க்கின் ஒரு சிறு துறைமுகத்தில் அரை மணி நேரம் நின்றபோது அப்பா இறங்கி, மூடிக் கிடந்த ஒரு மீன் ஆலையின் முன்னால் நின்று அவருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கதைத்தார். எந்தச் சுற்றுலாவிலும் இல்லாத நிறுத்தம் அது.

12 நாள் லீவு இல்லை, காசும் இல்லை. பாதி போகலாமா?

போகலாம், துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு டிக்கெட் எடுக்கலாம். ட்ரொண்ட்ஹைமிலிருந்து 729 கிலோமீட்டர் ரயிலில் பூடோ வந்து, பின்னேரம் கப்பல் ஏறி, லொஃபோட்டன் வழியாக மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு ட்ரொம்சோவில் இறங்குங்கள். ஒரு நாளுக்குள் இந்தக் கரையின் சிறந்த பகுதி. முழுதாகப் போக முடிந்தவர்கள் வடக்கே மட்டும் போய் விமானத்தில் திரும்பாமல் கப்பலிலேயே வாருங்கள், போகும்போது இரவில் கடந்த இடங்கள் வரும்போது பகலில் வரும் மாதிரித்தான் அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் காசு இருக்கிறது. எது?

கோடையென்றால் கடற்கழுகு. குளிர்காலமென்றால் நாய்வண்டி. அப்பா அம்மாவோடு என்றால் ஹார்ஸ்டாட்டிலிருந்து சோர்ட்லாண்ட், வீட்டில் ஒருவரைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போங்கள், கையில் நிறமாக ஒரு துணி கொடுத்துவிட்டு.